எலிக்குச் சொன்னது

சுங்கை லிந்தா தோட்டம்,
லூனாஸ், கெடா
2 மார்ச் 1975

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் அகத்தாவுக்கு உன் அப்பா வால்டர் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் கட்சி மாறிவிட்டது. உன் சுகத்தையும் எழுது. போன ஏரோகிராமில் லண்டன் பஸ்ஸைப் பற்றி எழுதியே இடத்தைத் தீர்த்துவிட்டாய். நான் லோரி டிரைவர்தான், அதற்காக பஸ்ஸைத் தவிர வேறு எதையும் கேட்க மாட்டேன் என்று நினைத்துவிடாதே.

உன் அக்கா பிரிஜெட்டுக்குப் போன வியாழக்கிழமை பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். செலின் என்று பெயர் வைக்க யோசனை. உன் அத்தான் ஜூலியஸ் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "மாமா, அப்படியே உங்களைப் போல இருக்கு" என்றார். "தலையில முடி இல்லையே, அதை வெச்சா சொல்றீங்க?" என்றேன். பிரிஜெட் சிரித்து, தையல் வலித்து, எங்கள் இரண்டு பேரையும் வெளியே துரத்திவிட்டாள்.

உன் அம்மா ரோசம்மா இருந்திருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாரும் நினைத்துக்கொண்டோம்.

உன் வேலையைப் பற்றி விவரமாக எழுது. ஊரில் நீ நர்ஸ் என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நர்ஸ் படிக்கப் போனவள் அதை விட்டுவிட்டு எலி வளர்க்கிறாள் என்று எந்த முகத்தோடு சொல்வது? இங்கே எலியைப் பிடிக்கத்தான் ஆள் வைப்பார்கள். மார்புப் புற்றுக்கு மருந்து தேடும் இடம் என்று எழுதியிருந்தாய். அந்த எலிகள் அங்கே என்ன செய்கின்றன? ஆறாம் வகுப்போடு நின்ற மூளைக்குப் புரிகிற மாதிரி எழுது. ஞாயிறு பூசை முடிந்து எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

மாதா உன்னைக் காக்கட்டும்.
அப்பா

*

லண்டன்
21 மார்ச் 1975

அன்புள்ள அப்பாவுக்கு அகத்தா எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்காலும் சீக்கிரம் பழைய கட்சிக்கே திரும்ப வேண்டும். செலினின் பாதத்தில் எனக்காக ஒரு முத்தம் கொடுங்கள்.

நீங்கள் கேட்டதே சந்தோஷம், அப்பா. இங்கே ஒரு சாதி எலி இருக்கிறது. அதில் பெண் எலிகள் பெரும்பாலானவற்றுக்கு மார்பில் கட்டி வரும். இன்னொரு சாதிக்கு வருவதே அபூர்வம். குட்டி போட்டவுடன், முதல் பால் குடிப்பதற்குள், குட்டிகளை எடுத்து மற்றச் சாதித் தாயிடம் சேர்ப்பது என் வேலை. அப்படி மாற்றிய குட்டிகளுக்கு வளர்ந்த பிறகு கட்டி வருவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நல்ல சாதிக் குட்டியை நோய்ச் சாதித் தாயிடம் விட்டால் அதற்கும் வருகிறது. காரணம், தாயின் பாலில் ஒரு வைரஸ். சாதாரணப் பூதக்கண்ணாடிக்குத் தெரியாத சின்னக் கிருமி. நான் கையால் மாற்றுகிற குட்டி பிழைக்கிறது என்று நினைக்கும்போது ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன்.

இப்போது மனுஷிகளின் பாலிலும் அதே மாதிரி ஏதோ தெரிகிறது என்று சில பேர் எழுதியிருக்கிறார்கள். தாய்க்கு மார்புப் புற்று வந்திருந்தால் மகள் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் இருப்பது நல்லது என்று சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். இல்லை, அது அவசரம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தேநீர் அறையில் இந்த வாரம் முழுக்க இதே சண்டை.

அம்மாவுக்கு வந்தபோது நமக்கு ஒன்றுமே தெரியாது. இப்போது தெரிந்துகொள்கிற இடத்தில் நான் நிற்கிறேன். அதற்காக எலி நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஆசீர் வேண்டும்,
அகத்தா

*

சுங்கை லிந்தா தோட்டம்
10 ஏப்ரல் 1975

சேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு அப்பா. எல்லாரும் சுகம். உன் சுகம் உன் எழுத்திலேயே தெரிகிறது.

ஞாயிறன்று உன் கடிதத்தை வாசித்தேன். நல்ல சாதி, நோய்ச் சாதி வரைக்கும் வாசித்துவிட்டு, கண்ணாடி மங்குகிறது என்று மடித்துவிட்டேன். கண்ணாடிக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு மருதம்மாள், "அண்ணே, அந்த எலிக்குட்டிக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பிரிஜெட் அடுத்த வாரம் வேலைக்குப் போகிறாள். காலையில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ஒன்பது மணிவாக்கில் ரப்பர் மரக்காட்டிலிருந்து ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவாள். செலின் குடிக்கிற வேகத்தைப் பார்த்தால் ஸ்டோரில் என் லோரிக்கு ரப்பர் பால் டிரம் நிரப்புகிற குழாய் தோற்றுப்போகும்.

ஒரு சந்தேகம். எனக்கு இல்லை, பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்திக்கு. அவளுடைய அம்மா இந்த நோயில்தான் போனாள். அவளுக்கு இப்போது பெண் பிள்ளை, கைக்குழந்தை. பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். குடித்தது குடித்ததாகவே இருக்கட்டும், இனி நிறுத்தினால் போதுமா? அல்லது நிறுத்தவே வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்வாள். லண்டனில் இருக்கிற பெண் சொன்னாள் என்றால் இங்கே சாமியார் சொன்ன மாதிரி.

சீக்கிரம் எழுது.
அப்பா

*

சுங்கை லிந்தா தோட்டம்
9 மே 1975

சேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு அப்பா. சுகமாக இருக்கிறாயா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. என்னைக் கண்டால் போஸ்ட்மேன் சைக்கிளைத் திருப்பி ஓட்டுகிறான்.

பக்கத்துத் தோட்டம் என்று எழுதினேன். உன் அப்பா பொய் சொன்னால் வாசிக்கிறவர்களுக்கே வெட்கமாக இருக்கும். பிரிஜெட்தான் அது.

மூன்று வாரம் காத்திருந்தேன். ஒவ்வொரு முறை அவள் பிள்ளையை மடியில் எடுக்கும்போதும் உன் எலி என் கண்ணில் வந்தது. கடைசியில் உன் கடிதத்தை அவளிடம் முழுக்க வாசித்துவிட்டேன். கேட்டுவிட்டு, "அகத்தாவே எழுதியிருக்காளா?" என்றாள். ஆமாம் என்றேன். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அம்மா பட்டதை இவ பட வேணாம்பா. நிறுத்திடலாம்" என்றாள்.

பாலை நிறுத்த மார்பில் மல்லிகை வைத்துக் கட்ட வேண்டும் என்று மருதம்மாள் சொன்னாள். லூனாஸ் பாசாருக்குப் போனேன். பூக்கடை அழகம்மா, "என்ன அண்ணே, இவ்வளவு பூ? மாதா கெபிக்கா?" என்று கேட்டாள். மே, மாதாவின் மாதம் அல்லவா, ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவள் கும்பிட்டு ஒரு முழம் சும்மா வேறு சேர்த்துக் கொடுத்தாள். மாதாவின் பெயரில் பூ வாங்கி மகளின் பாலை நிறுத்திய முதல் கத்தோலிக்கன் நான்தான்.

பூ வாட வாட மருதம்மாள் மாற்றிக் கட்டினாள். வீடு முழுக்கக் கல்யாண வீட்டு வாசம். செலின் அந்த வாசத்துக்குள் பால் வாசத்தைத் தேடிக் கத்தினாள். பிரிஜெட் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது டின் பால். ஆயா கரைத்துக் கொடுக்கிறாள். செய்தது சரி என்று ஒரு வரி எழுது அம்மா. ஒரு வரி போதும்.

அப்பா

*

லண்டன்
7 மே 1975

அன்புள்ள அப்பாவுக்கு. சுகம்தானே? உங்கள் ஏப்ரல் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. நான் அறை மாறிவிட்டேன். பழைய வீட்டுக்காரி கடிதத்தை அலமாரி மேல் வைத்து மறந்திருக்கிறாள்.

அந்தப் பெண்ணிடம் நிறுத்த வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள்.

நான் பாதியைத்தான் எழுதியிருந்தேன். இங்கே மூன்றாவது ஒரு சாதி எலி உண்டு. அதன் குட்டிகளை எந்தத் தாயிடம் மாற்றினாலும் கட்டி வருகிறது. அவற்றுக்கு வைரஸ் பாலில் வர வேண்டியதில்லை. என்றைக்கோ உடம்புக்குள் புகுந்த வைரஸ் அந்த வம்சத்தின் விதையிலேயே ஒட்டிக்கொண்டு, கண் நிறம் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. தாய் எலி மட்டும் இல்லை, தகப்பன் எலியும் கொடுக்கும். பாலை நிறுத்தி அதைத் தடுக்க முடியாது.

மனிதர்களில் இப்படி ஒன்று இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது. பாலில் பார்த்தேன் என்று சொன்னவர்களே இப்போது தயங்குகிறார்கள். எலிக்குச் சொன்னதை மனுஷிக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அப்பா, பக்கத்துத் தோட்டம் என்றால் எந்தத் தோட்டம்?

அகத்தா

*

லண்டன்
20 மே 1975

அன்புள்ள அப்பாவுக்கு,

மல்லிகைக் கடிதம் வந்தது. என் கடிதம் அதைத் தாண்டி அங்கே வந்திருக்கும்.

அக்காவைத் திரும்பப் பிள்ளையை மார்பில் போடச் சொல்லுங்கள். சில நேரம் பால் திரும்ப வரும். முருங்கைக் கீரை, பால் சுறா, எது கிடைத்தாலும் கொடுங்கள். டின் பாலுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்களா? ஆயாக் கொட்டகைக்கு நீங்களே போய்ப் பாருங்கள். செலின் எப்படி இருக்கிறாள் என்று உடனே எழுதுங்கள்.

சில பேர் சொல்கிறார்கள் என்றுதானே எழுதியிருந்தேன், அப்பா.

அகத்தா

*

சுங்கை லிந்தா தோட்டம்
12 ஜூன் 1975

அகத்தா,

அப்பா எழுத மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

செலினுக்கு வயிற்றுப்போக்கு. கூலிம் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தாள். கையில் நரம்பு கிடைக்கவில்லை என்று தலையைச் சிரைத்து அங்கே ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். ஆயாக் கொட்டகையில் ஒரே பாட்டிலைக் கழுவிக் கழுவி எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆயாவை நான் குறை சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு இடையில் ஒரு முறையாவது தாய் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். எனக்குப் போய்க் கொடுக்கப் பால் இல்லை.

பூ கட்டிய முதல் இரண்டு நாள் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். மார் கல்லாகிவிடும். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டாலே சட்டை நனையும். அப்போதெல்லாம் உன் எலியை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

பால் நின்ற பிறகு உன் அடுத்த கடிதம் வந்தது, நிறுத்தாதே என்று. அதற்கு அடுத்தது வந்தது, சுறா தின்னு என்று. பிள்ளையைப் போட்டுப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது பிழைத்துவிட்டாள். இனி எலியைப் பற்றி இந்த வீட்டுக்கு ஒரு வரியும் எழுதாதே. அப்பாவையும் ஒன்றும் சொல்லாதே. லோரியை விட்டு இறங்கியதும் நேராக அடுப்படிக்குப் போய் பாட்டிலைக் கொதிக்க வைக்கிறார்.

பிரிஜெட்

*

கூலிம்
4 ஜூலை 1975

சேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு அப்பா. உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். இதை லோரியில் உட்கார்ந்து ஸ்டீரிங் மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சாலையைக் குறை சொல்ல முடியாது, லோரி நிற்கிறது. வீட்டில் எழுத முடியாது. எழுதினால் பிரிஜெட்டுக்குத் தெரிந்துவிடும்.

செலின் தேறிவிட்டாள். கன்னம் திரும்ப வந்துவிட்டது. தலையில் சிரைத்த இடத்தில் மட்டும் முடி வரவில்லை. இப்போது நிஜமாகவே என் ஜாடை.

வேறு விஷயம். பால் முழுக்க வற்றிவிட்டது. ஆனால் பிரிஜெட்டின் வலது மார்பில் ஒரு கட்டி வற்றவில்லை. பிள்ளை பெற்ற நாளிலிருந்தே இருந்ததாம். பால்கட்டு என்று மருதம்மாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். பால் நின்றால் கரைந்துவிடும் என்று இரண்டு பேரும் சும்மா இருந்திருக்கிறார்கள். கரையவில்லை. நெல்லிக்காய் அளவு, வலியும் இல்லை என்று மருதம்மாள்தான் என்னிடம் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். உன் அம்மாவுக்கும் வலி இல்லை.

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். பிரிஜெட் பிள்ளையின் துணியை மடிக்க ஆரம்பித்தாள். ஜூலியஸ் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அப்போது என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "ஒரு கடுதாசிக்குப் பிள்ளையோட பாலைக் குடுத்தேன். அடுத்த கடுதாசிக்கு மாரைக் குடுக்கணுமாப்பா?"

நீயானால் ஏதாவது சொல்லியிருப்பாய். நான் பாட்டிலைக் கொதிக்க வைக்கப் போய்விட்டேன்.

இன்னொன்று. தகப்பன் எலியும் கொடுக்கும் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை நான் யாருக்கும் வாசிக்கவில்லை. என் பெரியக்காவை நீ பார்த்ததில்லை. கரங்கான் பக்கம் ஒரு தோட்டத்தில், சட்டைக்குள் துணி வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம் பால் மரம் வெட்டினாள். மார்பில் புண் என்றார்கள். அதிலேயே போனாள். உன் அம்மா போனபோது, இது அவர்கள் குடும்பத்து வியாதி என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். என் பக்கத்தை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அதெல்லாம் இருக்கட்டும். பிரிஜெட்டுக்கு நீ எழுது. என்னுடைய பேச்சு இந்த வீட்டில் செல்லாக் காசு. உன்னுடையதும் அப்படித்தான், ஆனாலும் எழுது.

அப்பா

*

லண்டன்
14 ஜூலை 1975

அன்புள்ள அக்காவுக்கு அகத்தா எழுதுவது.

எலியைப் பற்றி எழுதப் போவதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் உனக்கு வைக்க வேண்டாம்.

கட்டி இருப்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று அப்பாவிடம் சண்டை போடாதே.

நீ என்னை நம்ப வேண்டாம். உன் கையை நம்பு. பால் கட்டியிருந்தால் பால் நின்ற பிறகு கரைய வேண்டும். பால் நின்று எத்தனை வாரம் என்று என்னைவிட உனக்குத் தெரியும். தொட்டுப் பார். கரைந்திருந்தால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. கரையாவிட்டால் அது பால் இல்லை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அதைக் கொஞ்சம் வெட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்க்கிற இடம் பினாங்கில் இருக்கிறது, என்னிடம் இல்லை.

செலினுக்காகப் போ என்று எழுத மாட்டேன். அதை இந்நேரம் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அம்மாவுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. உனக்குச் சொல்ல ஆள் அதிகமாகிவிட்டது. எங்கள் எல்லாரையும் ஒரு நாள் வெளியே நிறுத்திவிட்டு நீயே பார்.

செலின் இப்போது கவிழ்கிறாளா?

உன் தங்கை
அகத்தா

*

சுங்கை லிந்தா தோட்டம்
24 ஆகஸ்டு 1975

சேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு அப்பா. ஒன்றரை மாதமாக எழுதவில்லை. சுகம் என்று எழுதக் கை வரவில்லை. சுகமில்லை என்று எழுதவும் பயமாக இருந்தது.

உன் கடிதத்தை பிரிஜெட் வாசலில் நின்றபடியே வாசித்தாள். அன்று குளியலறையில் வெகுநேரம் இருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன், பிறகு நிற்கிறது தெரிந்துவிடுமோ என்று நகர்ந்தேன், பிறகு திரும்ப வந்து நின்றேன்.

மறுநாள் காலைப் பிரட்டில் பேர் கொடுக்கப் போகாமல் என் லோரி பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை, கையில் துணிப்பை.

"பட்டர்வொர்த் பஸ் எத்தனை மணிக்குப்பா?"

"யாரும்மா போகச் சொன்னா? அகத்தாவா?"

"யாரும் சொல்லல லா. நானே பார்த்தேன்."

பெர்ரியில் பினாங்குக்குப் போனோம். செலின் கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டு வந்தாள்.

வெட்டிப் பார்த்தார்கள். அதுதான். வலது மார்பை எடுத்துவிட்டார்கள். கக்கத்தையும் சோதித்ததில் அங்கே இன்னும் பரவவில்லை என்று சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது கையைத் தூக்க முடியவில்லை. தலை சீவ மருதம்மாள் வருகிறாள்.

அறுத்த டாக்டர் ஜூலியஸிடம் சொன்னாராம்: பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் இதை எல்லாரும் பால்கட்டு என்றே நினைத்திருப்பார்கள், இன்னும் ஒரு வருஷம் போயிருக்கும், அப்புறம் வந்து பயன் இருந்திருக்காது என்று. ஜூலியஸ் கண் கலங்கி என்னிடம் ஓடி வந்தார். "மாமா, அப்படின்னா நீங்க அன்னிக்கு வாங்கின பூ..."

"வேணாம் மாப்பிள்ளை" என்றேன். "அதைச் சொல்லி முடிக்காதீங்க."

எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தார், பாவம். ஆனால் அந்தக் கணக்கில் செலின் தலையில் குத்திய ஊசியை எந்தப் பக்கம் எழுதுவது? நான் புத்திசாலித்தனமாகச் செய்தது ஒன்றும் இல்லை. முட்டாள்தனம் ஒன்று போகிற வழியில் எங்கேயோ இடித்து ஒரு கதவு திறந்துகொண்டது. அதற்கு நான் நெஞ்சை நிமிர்த்தினால் உன் அம்மா எழுந்து வந்து அடிப்பாள். நீயும் இதை எழுதாதே.

ஒன்று கேட்க வேண்டும். பிரிஜெட் கேட்கச் சொல்லவில்லை. கேட்பது என் வியாதி. இடது பக்கம் நன்றாக இருக்கிறது. பிள்ளையை அதில் போட்டுப் பார்க்க அவளுக்கு ஆசை என்று நினைக்கிறேன். யாரும் இல்லாதபோது மடியில் வைத்துச் சட்டையை அவிழ்க்கிறாள், நான் வந்தால் மூடிக்கொள்கிறாள். கொடுக்கலாமா?

இந்த முறை பாதி எழுதாதே. முழுக்க எழுது.

அப்பா

*

லண்டன்
7 செப்டம்பர் 1975

அன்புள்ள அப்பாவுக்கு அகத்தா.

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன். பிறகு எலிகளுக்கு மரத்தூள் மாற்றப் போனேன். ஒரு கூண்டைக் கீழே போட்டுவிட்டேன். எலிகளுக்கு ஒன்றும் இல்லை.

முழுக்க எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். மூன்று பேரிடம் கேட்டேன். முதல் டாக்டர், தாராளமாகக் கொடுக்கலாம், மனிதப் பாலில் புற்று இறங்குகிறது என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை என்றார். இரண்டாமவர், ஆதாரம் இல்லைதான், ஆனாலும் பெண் குழந்தை, என் மகளாக இருந்தால் வேண்டாம் என்பேன் என்றார். மூன்றாமவர் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே பெரியவர். அவர், தெரியாது என்றார். இன்னும் இருபது முப்பது வருஷம் கழித்துத் தெரியலாம் என்றார்.

உடம்பின் விதையில் ஒட்டியிருப்பது ஒன்று இருந்தால், அது செலினிடம் ஏற்கெனவே இருக்கும். பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மாறாது. இல்லாவிட்டால் இல்லை. இதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. முழுக்க எழுதுவது என்றால் இப்படித்தான் ஆகிறது, அப்பா.

நானும் டாக்டரிடம் மார்பைக் காட்டிச் சோதித்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை என்றார்கள். வருஷா வருஷம் போவேன்.

அக்காவிடம் எதைச் சொல்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அகத்தா

*

சுங்கை லிந்தா தோட்டம்
21 செப்டம்பர் 1975

சேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்த வரியை மட்டும் நாலு முறை வாசித்தேன். இங்கே சுகம். எழுத வேண்டுமே என்று எழுதவில்லை, சுகம்தான்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்து தோட்ட ஆபீசில் கிடந்து, ஞாயிறன்று என் கைக்கு வந்தது. பூசை முடிந்து எல்லாரும் கூடியிருந்தார்கள். மருதம்மாள்கூட ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் தனியாக ஸ்டோர் பக்கம் போய் வாசித்துவிட்டு வந்தேன். மூன்று டாக்டர், மூன்று பதில். மூன்றையும் மனசுக்குள் லோரியில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். எதை இறக்கிவைத்தாலும் அது அவள் தலையில்தான் விழும்.

வீட்டுக்குள் போனேன். பிரிஜெட் பாயில் உட்கார்ந்திருந்தாள். செலின் மடியில். இந்த முறை என்னைக் கண்டு சட்டையை மூடவில்லை. இடது பக்கம் பிள்ளை சப்பிக்கொண்டிருந்தாள். பால் வருகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அகத்தா என்னப்பா எழுதியிருக்கா?"

"அங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சாம்."

"அதுக்கா இவ்ளோ நீட்டுக் கடுதாசி?"

"ரொம்பக் குளிராம் லா."

என்னைப் பார்த்தாள். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்ததையும் பார்த்தாள். கை நீட்டுவாள் என்று நினைத்தேன். நீட்டவில்லை. பிள்ளையின் தலையைக் கொஞ்சம் தூக்கி வசதியாக வைத்துக்கொண்டு, "அடுப்புல பாட்டில் கொதிக்குது, பாருங்க" என்றாள். எனக்கு மறுபடி உத்தரவு போட ஆரம்பித்துவிட்டாள். ஓடினேன்.

உன் கடிதம் என்னிடமே இருக்கும். அவள் கேட்கிற அன்று கொடுப்பேன், முழுக்க வாசித்துக்கொள்ளட்டும். அதுவரை நீ அடுத்த ஏரோகிராமில் குளிரைப் பற்றி ஒரு பக்கம் எழுது. ஞாயிற்றுக்கிழமை சத்தமாக வாசிக்க எனக்கு ஏதாவது வேண்டும்.

கம்பளி போட்டுக்கொண்டு தூங்கு.
அப்பா